இறங்காத கல்யாணம்

1966ஆம் ஆண்டு கோதுமை அறுப்பு முடிந்த கையோடு தாஷ்பெலெனில் நடந்த கல்யாணத்தில், ஆடிக்கொண்டே தரையை விட்டுக் கிளம்பிய மணப்பெண்ணும் அவள் வீட்டாரும் முப்பத்து மூன்று வருடம் கீழே இறங்கவில்லை. அந்த வருடம் கோதுமைக்கு நல்ல விலை கிடைத்தது, சர்க்கரை பீட்ரூட்டுக்குக் கிடைக்கவில்லை. மாப்பிள்ளையின் பெயர் செஃபெர், பெண்ணின் பெயர் செனெம். இரண்டு பேருமே எங்கள் ஊர்தான். செஃபெர் சாஸ் வாசிப்பவன். நீளக் கழுத்தும் பேரிக்காய் வயிறும் உள்ள அந்தத் தந்தி வாத்தியத்தை அவன் மடியில் வைத்துத் தட்ட ஆரம்பித்தால், ஆடுகிறவர்கள் ஒரு சாண் உயரம் எழும்பி ஆடுவார்கள். அவன் மீசை முளைக்காத காலத்திலிருந்தே அப்படித்தான். மூட்டுவலிக்காரர்களுக்கு அது சௌகரியமாக இருந்தது, செருப்பும் தேயாது, அதனால் யாரும் குறை சொன்னதில்லை. பாட்டு முடிந்ததும் எல்லோரும் அலுங்காமல் குலுங்காமல் தரைக்கு வந்துவிடுவார்கள்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை தன் கல்யாணத்தில் வாசிக்கக் கூடாது. நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான் அவன் வேலை. செஃபெருக்குத் தலைக்கனம். சிவாஸ் ஜில்லா முழுக்கத் தன்னை மிஞ்ச ஆள் இல்லை, தன் கல்யாணத்தில் எவனோ ஒருவன் வாசிப்பதா என்று பிடிவாதம் பிடித்து, கோட்டுக் காலரில் குத்திய ரிப்பனோடு முரசுக்காரன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டான். பெண் வீட்டார் சுண்டுவிரலோடு சுண்டுவிரல் கோத்து ஹலாய் ஆட வரிசை கட்டினார்கள். வரிசையின் தலையில் கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு செனெமின் அப்பா அபுஸெர், அடுத்து செனெம், அப்புறம் சித்தப்பா, சித்தி, அத்தை மக்கள், வாலில் மெத்தை தைக்கும் ஜாஃபெர். ஹலாய் மெதுவாகத் தொடங்கி, போகப் போக வேகம் பிடிக்கும். வேகம் பிடித்த இடத்தில்தான் செஃபெருக்குப் புத்தி கெட்டது. முந்தின வாரம் முடி வெட்டிக்கொள்ளப் போனபோது சலூன் ரேடியோவில் ஏதோ வெளிநாட்டுப் பாட்டு ஒன்று கேட்டிருக்கிறான். கிடார் பாட்டு, துள்ளலாக இருக்கும். பாதியில் சலூன்காரர் மல்யுத்த வர்ணனைக்கு ரேடியோவைத் திருகிவிட்டார். அந்தப் பாதிப் பாட்டை செஃபெர் எங்கள் ஹலாய்க்குள் நுழைத்து வாசித்தான். வரிசை ஜிவ்வென்று எழும்பியது. முசுக்கட்டை மரம், கூரை, புகைபோக்கி எல்லாம் தாண்டி நெட்டிலிங்க மர உச்சிக்குப் போனது. நாங்கள் கைதட்டினோம். அடடா, அப்படி ஒரு வாசிப்பை நாங்கள் கேட்டதே இல்லை.

தெரிந்த பாதி தீர்ந்ததும் அவன் விரல் நின்றுவிட்டது. சமாளித்துக்கொண்டு ஹலாய் மெட்டுக்குத் திரும்பி முறையாக முடித்தான். முரசுக்காரனும் மூன்று அடி அடித்து முடித்தான். வரிசை இறங்கவில்லை. மேலே கால்கள் அந்த முடியாத பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருந்தன.

“ஏங்க, போதும், இறக்கி விடுங்க!” என்று செனெம் கத்தினாள்.

“இரு, இரு. முடிவு தெரியலையே!”

“மாப்பிள்ளே!” என்று அபுஸெர் மேலிருந்து உறுமினார். “முடிவு தெரியாத பாட்டை எவன்டா கல்யாணத்துல வாசிப்பான்? உன்னை நம்பிப் பொண்ணைக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!”

செய்ய வேண்டியதையெல்லாம் செய்து பார்த்தோம். செனெமின் இடுப்பில் அண்ணன்காரன் கட்டிவிட்ட சிவப்புக் கச்சையில் கயிறு முடிந்து டிராக்டரில் இழுத்தோம். டிராக்டரின் முன்சக்கரம் இரண்டும் தூக்கிக்கொண்டன, ஓட்டியவன் கெட்ட வார்த்தை சொல்லிக் குதித்துவிட்டான். சிவாஸிலிருந்து தீயணைப்பு வண்டி வந்தது, ஏணி எட்டவில்லை. வாலில் நின்ற ஜாஃபெர் பொறுமை இழந்து அத்தை மகனின் சுண்டுவிரலை விட்டான். கீழே விழுவான் என்று மெத்தை விரித்துக் காத்திருந்தோம். அவனோ இன்னும் மேலே போய், புள்ளியாகி, கிழக்கே நகர்ந்து மறைந்தான். மூன்று மாதம் கழித்து எல்லைக்கு அந்தப்புறம் தப்ரீஸ் நகரத்திலிருந்து தபால் அட்டை வந்தது. நல்லபடியாக இறங்கினதாகவும், அங்கேயே ஒரு கடை போட்டிருப்பதாகவும், பெண் பார்த்திருப்பதாகவும் எழுதியிருந்தான். அதற்கப்புறம் யாரும் விரலை விடக் கூடாது என்று அபுஸெர் உத்தரவு போட்டார். தன் மகள் எந்த நாட்டில் போய் இறங்குவாளோ என்ற பயம் அவருக்கு. அதைவிட, வரிசையின் தலையில் ஆடுகிறவன் கைக்குட்டையைக் கீழே போட்டால் ஊரில் முகத்தைக் காட்ட முடியாது என்ற மானப் பிரச்சினையும் இருந்தது.

பழகிப்போனது. எதுதான் பழகாது? வரிசை வலப்பக்கமாகவே ஆடி, மாவு மில்லிலிருந்து பள்ளிக்கூடம் வரை ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தது. மணப்பெண் ரொட்டிக் கடைக்கு நேர் மேலே வந்தால் மதியம் என்று கணக்கு வைத்துக்கொண்டோம். நெட்டிலிங்கக் கொம்புகளை ஒட்டுப் போட்டு, நுனியில் கூடை கட்டி, கோதுமைரவைச் சோறும் மோரும் மேலே அனுப்பினோம். தூங்கும்போதும் அவர்கள் கால் ஆடிக்கொண்டுதான் இருக்கும். பனிக்காலத்தில் கம்பளிப் போர்வைகள் போயின, பெருநாளுக்குப் பெருநாள் அபுஸெருக்குப் புதுக் கைக்குட்டை போனது. மின்கம்பம் நட வந்தவர்கள் கம்பியைத் தாழ்வாகக் கட்டினார்கள். பட்டம் விடுவதற்குத் தடை போட்டோம். தேர்தலில் ஓட்டுப்பெட்டியும் கூடையில்தான் போனது. வரிசையில் ஆடிக்கொண்டிருந்ததால் ராணுவத்துக்கு வராத இரண்டு பையன்களைப் பிடிக்க வந்த ஜென்டர்மா போலீஸ் அதிகாரி நிமிர்ந்து பார்த்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். கொக்குகள்தான் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டிருந்தன.

செஃபெர் மட்டும் பழகிக்கொள்ளவில்லை. முடிவைத் தேடிக் கண்டுபிடித்து வந்து உன்னை இறக்குகிறேன் என்று ஊர் கேட்கச் சத்தியம் செய்துவிட்டு சாஸைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். முதலில் இஸ்தான்புல். இசைத்தட்டுக் கடை கடையாக ஏறி அந்தப் பாதியை வாசித்துக் காட்டி, இதன் மீதி எங்கே கிடைக்கும் என்று கேட்டான். சாஸில் வாசித்தால் எந்தப் பாட்டும் சிவாஸ் பாட்டாகத்தான் கேட்கும். “இது உங்க ஊர்ப் பாட்டாச்சே அண்ணே, எங்களைக் கேட்டா?” என்று ஒரு கடைக்காரன் சொன்னான். இன்னொருவன், இது என் பாட்டனார் பாடின பாட்டு, எர்ஸின்ஜான்காரர்களுடையது, சிவாஸ்காரர்கள் வழக்கம்போலத் திருடிவிட்டார்கள் என்று சண்டைக்கே வந்துவிட்டான். வேறு வழியில்லாமல் ஆள் எடுக்கும் வரிசையில் நின்று, பல்லையும் ஈரலையும் டாக்டருக்குக் காட்டி, ஜெர்மனிக்கு ரயில் ஏறினான்.

கொலோன் நகரத்தில் கேபிள் தொழிற்சாலை வேலை. விடுதியில் ஒரு கிரேக்கன், ஒரு மொராக்கோக்காரன், ஒரு போர்ச்சுகல்காரன். ஆளுக்கொரு வாத்தியம் வைத்திருந்தார்கள். செஃபெர் அந்தப் பாதியை வாசித்ததும் மூன்று பேரும் எழுந்து நின்று, இது எங்கள் நாட்டுப் பாட்டு என்று அடித்துச் சொன்னார்கள். ஆளுக்கொரு முடிவும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆகஸ்டு மாதம் கார் கூரையில் குளிர்சாதனப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தவன், சாமான் இறக்குவதற்கு முன்னால் வரிசைக்கு அடியில் போய் நின்று ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்தான். கிரேக்க முடிவுக்கு வரிசை இடப்பக்கம் திரும்பிவிட்டது. வலப்பக்கமாகவே சுற்றிப் பழகியவர்களுக்குத் தலைசுற்றல் கண்டு, இரண்டு நாள் கூடை அப்படியே திரும்பி வந்தது. மொராக்கோ முடிவுக்குப் புகைபோக்கி உயரத்துக்கு இறங்கினார்கள், ஆனால் மறுநாள் காலை பழைய உயரத்துக்கே போய்விட்டார்கள். போர்ச்சுகல் முடிவுக்கு ஓர் அங்குலம்கூட அசையவில்லை. மேலேயும் கீழேயும் எல்லோரும் காரணம் தெரியாமல் அழுதோம், அதோடு சரி.

அதிலிருந்து வருடா வருடம் இதுதான் நடந்தது. ஹங்கேரிக்காரன் ஒருவனைத் தேடிப் போனான், அயர்லாந்துக்குப் போனான், செனகலில் மூன்று மழைக்காலம் இருந்துவிட்டு வந்தான். போன இடத்தில் எல்லாம் வாசித்தான், வாசித்த இடத்தில் எல்லாம் யாராவது சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் பார்த்தால் அது ஒரு பெரிய குழுவாகிவிட்டது. சாஸின் முரட்டுத் தட்டலும் செனகல் மேளமும் அயர்லாந்துப் பிடிலும் கலந்து என்னவோ ஒரு புது சங்கீதம். இசைத்தட்டு போட்டார்கள், மேடை போட்டார்கள். கொலோனில் ஒரு கச்சேரியில் முன்வரிசை மொத்தமும் நாற்காலியோடு ஒரு சாண் எழும்பியதால், மண்டப மேலாளர் கூரைக்குப் பஞ்சு வைத்துத் தைத்தார். பத்திரிகைக்காரர்கள் வந்து, கிழக்கையும் மேற்கையும் கலப்பதில் உங்கள் நோக்கம் என்ன என்று கேட்பார்கள். “பெண்டாட்டி மேலே மாட்டிக்கிட்டிருக்கா. இறக்கணும்” என்பான். மறுநாள் பத்திரிகையில், வானத்தை மண்ணுக்கு இறக்க நினைக்கும் ஞானி என்று போட்டிருப்பார்கள். அவன் பொய்யே சொல்லவில்லை, பாவம்.

இவர்கள் குடும்பம் நடத்தியதை நாங்கள்தான் கேட்டோம். வேறு வழி? நெட்டிலிங்க உயரத்துக்கும் தரைக்கும் நடுவே புருஷன் பெண்டாட்டி பேச வேண்டுமென்றால் கத்தித்தான் பேச வேண்டும். அவன் சட்டையில் பித்தான் இல்லை என்பதும், அவளுக்குப் பல்வலி என்பதும், கத்தரிக்காய் வற்றல் காரம் அதிகம் என்பதும், நான் உன்னை நினைக்காத நாள் இல்லை என்பதும் ஊர் முழுக்கக் கேட்கும். ரொட்டிக் கடையில் நிற்கிறவர்கள் நடுவில் புகுந்து யோசனையும் சொல்வார்கள். செனெமுக்கு வாய் கொஞ்சம் அதிகம், நன்றாகச் சிரிப்பாள். பள்ளிக்கூடத்துக்கு மேலே வரிசை போகும்போது மட்டும் பேச மாட்டாள். விளையாட்டு மணி அடித்துப் பிள்ளைகள் ஓடி வருவதைப் பார்த்துக்கொண்டே கடந்துபோவாள். எங்களுக்குப் புரியாமல் இல்லை, அந்த நேரத்தில் நாங்களும் அவளைக் கூப்பிட மாட்டோம்.

ஒரு ஆகஸ்டில் அவன் பெரிய கோப்பை ஒன்றைப் பரிசாக வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். தலை நரைத்திருந்தது. கோப்பையைத் தூக்கிக் காட்டினான். செனெம் சிரிக்கவில்லை.

“ஒண்ணு கேக்கட்டுமா?” என்றாள்.

“கேளேன்.”

“நீங்க முடிவைத் தேடுறீங்களா, இல்ல தேடுறதையே தொழிலா வச்சுக்கிட்டீங்களா?”

ரொட்டிக் கடையில் நின்றவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“என்னடி பேச்சு இது?”

“நான் இறங்கிட்டா அப்புறம் எதுக்கு வாசிப்பீங்க? எவன் கைதட்டுவான்? எனக்கு அம்பது வயசாகப்போவுது. உங்ககூட உக்காந்து ஒரு வாய் சோறு தின்னதில்ல. பாட்டு நல்லாயிருக்குங்க, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா நான் என்ன உங்க பாட்டுக்கு வச்ச கொடியா, பறந்துக்கிட்டே இருக்க?”

செஃபெர் கோப்பையைக் கீழே வைத்தான். அன்று முழுக்க வரிசைக்குக் கீழேயே, அவள் நிழல் போகும் வழியில் நடந்தான். கொலோனுக்குத் திரும்பியதும் குழுவைக் கலைத்தான். ஒத்துக்கொண்டிருந்த கச்சேரிகளை எல்லாம் வேண்டாமென்று சொல்லிவிட்டு, தனி ஆளாக, கிடார் பிடித்த கை ஒன்று விடாமல் பார்ப்பது என்று கிளம்பினான். பத்திரிகைகள் கொஞ்ச நாள் வருத்தப்பட்டு எழுதின, பிறகு மறந்துவிட்டன. அவன் குழுவின் மேளக்காரர் மட்டும் மாதா மாதம் அவனுக்குக் காப்பித்தூள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

1999 வசந்தத்தில் நேப்பிள்ஸ் நகரத்தில் ஒரு செருப்புக் கடையில் அது முடிந்தது. கடைக்காரர் பெயர் ஜென்னாரோ, பெரிய தொப்பை, வாலிபத்தில் கிடார் வாசித்தவர், அவரும் கொஞ்ச காலம் ஜெர்மனியில் வேலை பார்த்ததால் இருவருக்கும் அரைகுறை ஜெர்மன் பொது. செஃபெர் அந்தப் பாதியை சாஸில் தட்டியதும் ஜென்னாரோ கையிலிருந்த செருப்பைப் போட்டுவிட்டார்.

“அட, இது நம்ம பாட்டுய்யா! இதுல கிடார் நான்தான்!”

செஃபெர் “முடிவு?” என்று மட்டும் கேட்டான்.

“முடிவா? முடிவெல்லாம் வாசிக்கலையே! அந்தக் காலத்துல யாரு முடிச்சா? நாங்க பாட்டுக்கு வாசிச்சுக்கிட்டே இருந்தோம். கண்ணாடி ரூம்ல உக்காந்திருந்தவன் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கிட்டான். தேஞ்சு தேஞ்சு காணாமப் போயிடும், அவ்வளவுதான். அப்புறம் நாங்க எல்லாரும் சாப்பிடப் போனோம்.”

செஃபெர் அந்தச் செருப்புக் குவியலில் உட்கார்ந்து முதலில் சிரித்தான், பிறகு வாய்விட்டு அழுதான். ஜென்னாரோ கடையைச் சாத்திவிட்டு அவனைச் சாப்பிடக் கூட்டிப்போனார்.

ஊர் வந்து சேர்ந்தான். முதலில் நகராட்சி ஒலிபெருக்கியில் வாசித்து, குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். பெட்டி அடங்கியது, சாஸ் அடங்கவில்லை. பெட்டியை எடுத்துவிட்டு, செஃபெர் விரல் நோக மெல்லத் தட்டிப் பார்த்தான். சாஸ் எங்கள் ஊர் ஆட்கள் மாதிரி, ரகசியம் பேச வராது. அபுஸெருக்கு அப்போது எண்பதை நெருங்கும் வயது, கோபத்துக்கு மட்டும் வயதாகவில்லை. “மெதுவா வாசிக்கத் துப்பில்லைன்னா எங்கயாவது தூரமாப் போய்த் தொலைடா! இத்தனை வருஷமா காதுகிட்ட வந்து டொங்கு டொங்குனு!” என்று கத்தினார். செஃபெருக்கு ரோஷம் வந்துவிட்டது. அப்படியே திரும்பி, வாசித்துக்கொண்டே மாவு மில் பக்கம் விறுவிறுவென்று நடந்தான். வரிசை நெட்டிலிங்க மரத்தின் பாதிக்கு இறங்கியது. மேலே வீல் என்று கத்தினார்கள். அவன் பதறித் திரும்பி ஓடி வந்தான், வரிசை மறுபடியும் ஏறிக்கொண்டது.

தூரம் போனால் பாட்டுத் தேயும் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. செனெம்தான் ஆரம்பித்தாள்.

“எவ்வளவு தூரம் போகணும்?”

“உனக்குக் கேக்காத வரைக்கும்.”

“அவ்வளவு தூரம் போயிட்டா, நான் இறங்கிட்டேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது. நடந்துக்கிட்டே இருப்பேன்.”

துப்பாக்கி சுட்டுத் தெரிவிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். தேயும் பாட்டின் நடுவே வெடிச் சத்தமா, எல்லோரும் தப்ரீஸுக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்று மற்றவர்கள் அவர் வாயை அடைத்தார்கள். கடைசியில் ஊரே மூச்சுவிடாமல் இருப்பது என்று முடிவானது. மாவு மில் நின்றது. நாய்களுக்கு எலும்பு போட்டோம். ரொட்டிக் கடைக்காரர் அடுப்பைக்கூட அணைத்தார். செஃபெர் வரிசைக்கு அடியில் நின்று தொப்பியை எடுத்து ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். அவள் தலையாட்டினாள். அவன் வாசித்துக்கொண்டே தார்ச்சாலையில் நடக்கத் தொடங்கினான், திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் ஒரு மரம் மட்டை இல்லாத வெட்டவெளி, சத்தம் வெகுதூரம் வரும். அந்தப் பாட்டை அவ்வளவு நேரம், அவ்வளவு அமைதியில் நாங்கள் கேட்டதில்லை. அதில் கொலோன் விடுதியும் இருந்தது, செனகல் மழையும் இருந்தது, எங்கள் ஹலாயும் இருந்தது. எந்த இடத்தில் எது முடிந்து எது ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியவில்லை. பாட்டுத் தேயத் தேய வரிசை புகைபோக்கிக்கு வந்தது, கூரைக்கு வந்தது, முசுக்கட்டை இலைகள் அவர்கள் முழங்காலில் உரசின. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால்தான் கேட்கும் என்ற நிலை வந்தது. பிறகு அதுவும் இல்லை. அபுஸெரின் பூட்ஸ் தரையில் பட்டது. அவர் தரையைப் பார்த்தார், கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார், குந்தி உட்கார்ந்துவிட்டார்.

செனெம் ஒருவரையும் பார்க்கவில்லை. அப்பா விரலையும் சித்தப்பா விரலையும் உதறிவிட்டு, சாலையில் ஓடத் தொடங்கினாள். தரையில் ஓடி எத்தனை காலம் ஆயிற்று, நாலு எட்டில் விழுந்தாள், எழுந்தாள், மறுபடியும் விழுந்தாள். “செஃபெர்! நில்லுய்யா!” என்று கத்தினாள். அவன் கேட்கும் தூரத்தில் இல்லை. பார்க்கப் பொறுக்காமல் மினிபஸ்ஸை எடுத்து அவளை ஏற்றினோம். நாங்களும் ஏறினோம், ஏறாமல் இருக்க முடியுமா? பீட்ரூட் எடைமேடை தாண்டி, பாலம் தாண்டி, அங்காரா சாலை பிரியும் இடத்தில் இருக்கும் டீக்கடை வாசலில் அவனைப் பிடித்தோம். நடந்துகொண்டுதான் இருந்தான். விரல் தந்தியில் படுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை, ஆனால் கை நிற்கவில்லை. கன்னமெல்லாம் ஈரம்.

செனெம் போய் உள்ளங்கையைத் தந்திகளின் மேல் வைத்து அழுத்தினாள்.

“இறங்கிட்டேன்யா!” என்றாள். கையெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு, நெட்டிலிங்க உயரத்திலிருந்து கத்துகிற அதே கத்தல்.

“தரைக்கா?” என்று அவனும் கத்தினான்.

“பின்ன எங்க? கால்ல கொப்புளம் பாருங்க!”

“வலிக்குதா?”

“வலிக்காம?”

டீக்கடையில் உட்காரவைத்தோம். ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி. டீ வந்தது. சர்க்கரை ஒரு கட்டியா இரண்டு கட்டியா என்று அவன் கத்திக் கேட்டான், இத்தனை வருஷமாகியும் தெரியாதா என்று அவள் கத்தினாள். “அக்கா, என் காது போச்சு. உங்களுக்கு நடுவுல ஒரு முழம்கூட இல்லையே” என்றான் கடைக்காரன். செனெம் அவனைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள், செஃபெரைப் பார்த்தாள். அப்போதுதான் அது அவளுக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவன் காதருகில் குனிந்து, மெல்ல என்னவோ சொன்னாள்.

அவன் தலையாட்டினான். இவர்கள் முப்பத்து மூன்று வருடம் பேசியதில் ஒரு வார்த்தை பாக்கியில்லாமல் எங்களுக்குத் தெரியும். நாங்கள் அத்தனை பேரும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு காதைக் கொடுத்தோம். எங்களுக்குக் கேட்கவில்லை.